‘கூலி’ என்னும் சொல்

சொற்களுக்கும் வரலாறு உண்டு. ஒரு சொல் எக்காலத்திலே, எவர் வாயிலே, எப்பொருளிலே வழங்கிற்று என்று ஆராயப் புகுவோர், ஈற்றில் அச்சொல்லை வழங்கிய மக்களின் வாழ்க்கையையே ஆராய்பவராகின்றனர். எவர் எவருக்குப் பெயரிட்டனர், அப்பெயரை எவர் சுமந்தனர், எப்பொழுது அதனை உதறினர் என்னும் வினாக்கள் மொழிநூலுக்கு உரியன. சமுதாய வரலாற்றுக்கும் உரியன. இதற்குத் தமிழிலே ‘கூலி’ என்னும் சொல்லைக் காட்டிலும் தக்க சான்று காண்டல் அரிது.

ஆங்கிலம் தமிழிலிருந்து பெற்ற சொற்களை எம்மவர் பெருமிதத்தோடு எடுத்துக் கூறுவது வழக்கம். கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் ஆகியவை ஆங்கில அகராதிகளிலே ஏறியுள்ளமை மேடைகளிலும் பாடநூல்களிலும் பலகாலும் பேசப்பட்டு வந்துள்ளது. ஆயின் அவற்றையெல்லாம் விட நெடுந்தூரம் சென்ற சொல்லொன்று அந்தப் பெருமைப் பட்டியலிலே பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றது. கட்டுமரத்தை ஆங்கிலேயர் கண்டு வியந்தனர். மிளகுதண்ணீரை அருந்திச் சுவைத்தனர். கூலியை அவர்கள் வேலை வாங்கினர். இலங்கையின் மலைநாட்டிலும் நேற்றாலிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் அச்சொல் ஒரு மக்கட் கூட்டத்தின் பெயராகி, பின்னர் வசையாகி நிலைத்தது. வசையாகிவிட்ட சொல்லை எம்முடையதென்று உரிமை கோர எவரும் முன்வாரார். எனவேதான் அதன் வரலாற்றை நாம் ஆராய வேண்டியுள்ளது.

முதலில் தமிழிலே இச்சொல்லின் நிலையை நோக்குவாம். திருக்குறளின் 619ஆம் பாடலிலே வள்ளுவர் இச்சொல்லை ஆண்டுள்ளார். ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்திலே வருவது அது. ஊழ் கைகொடாத இடத்தும், முயற்சியானது உடல் வருந்திய வருத்தத்துக்கு உரிய பயனைத் தரும் என்பது அதன் கருத்து. அப்பயனையே வள்ளுவர் கூலி என்கிறார். இழிவின் சாயல் சிறிதும் அங்கு இல்லை. உழைப்புக்கும் அதன் பயனுக்கும் உள்ள அறுக்கவொண்ணாத தொடர்பின் பெயராகவே அச்சொல் அங்கு நிற்கிறது. தெய்வத்தாலும் தடுக்க முடியாத உரிமை எனினும் பொருந்தும்.

வழக்கிலும் அச்சொல் இப்பொருளையே தாங்கி வந்தது. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டிக்கூலி, தையற்கூலி, செய்கூலி, நாட்கூலி ஆகிய தொடர்களில் எல்லாம் கூலி என்பது கொடுக்கப்படும் பொருளேயன்றிப் பெறுகின்ற ஆளன்று. ஆளைக் குறிக்க வேண்டியபோது கூலியாள் என்றும் கூலிக்காரன் என்றும் வேறு சொல் ஆக்கிக் கொண்டனர் தமிழர். மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே சொல் ஊதியம் என்னும் பொருளில் உண்டு. சிங்களத்திலே ‘குலி’ எனின் வாடகை. ஹற்றன் பட்டினத்திலே வாடகைக்கு விடப்படும் வீட்டின் வாயிலிலே இன்றும் அச்சொல்லைச் சிங்கள எழுத்திற் காணலாம். தானியத்தைக் குறிக்கும் ‘கூலம்’ என்னும் சொல்லிலிருந்தே கூலி பிறந்தது, அக்காலத்திலே ஊதியம் தானியமாக அளக்கப்பட்டமையே அதற்குக் காரணம் என்று கொள்வாரும் உளர்.

புராணக் கதையொன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. வைகையிலே வெள்ளம் வந்தபோது வந்தி என்னும் முதியவளுக்காக இறைவனே கூலியாளாகி, உதிர்ந்த பிட்டை ஊதியமாகப் பெற்று மண் சுமந்தான் என்று திருவிளையாடற் புராணம் கூறும். பாண்டியனின் பிரம்படி இறைவனின் முதுகிலே விழுந்தது. அவ்வடி எல்லா உயிர்களின் முதுகிலும் பட்டது. கூலியாளின் முதுகில் விழும் அடியை ஊரார் எல்லாரும் தம் முதுகில் உணரவேண்டும் என்னும் பேருண்மை அக்கதையினுள்ளே பொதிந்து கிடக்கிறது.

இவ்வாறு கூறுவதனால் பழந்தமிழ்ச் சமுதாயம் உழைப்பாளியைப் போற்றி வாழ்ந்தது என்று நாம் சொல்வதாகக் கொள்ளலாகாது. கதையிலே கூலியாளைக் கடவுளாக்கியவர்கள் வயலிலே அவனைத் தீண்டத்தகாதவனாக வைத்திருந்தனர். பண்ணையாள், படியாள் எனப் பல பெயர்களால் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த மக்கள் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலே ஏராளமாக வாழ்ந்தனர். ‘கூலிக்கு மாரடித்தல்’ என்னும் மரபுத்தொடர் மனமின்றிச் செய்யும் வேலையைப் பழித்தற்கு வழங்குகிறது. மாரடிக்க வந்தவளின் வறுமையைப் பற்றி அத்தொடர் ஒன்றும் பேசுவதில்லை. பின்னாளிலே ஆங்கிலத்திலே இச்சொல் பெற்ற இழிவுக்கு வேண்டிய எரு எம் ஊர்களிலேயே கிடந்தது என்பதை மறைத்தல் வரலாற்று நேர்மையாகாது.

இனி, இச்சொல் ஆங்கிலம் புகுந்த வழியை நோக்குவாம். இதுபற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1886இலே ஹென்றி யூலும் ஏ. சி. பேர்னலும் வெளியிட்ட, ‘ஹொப்சன் ஜொப்சன்’ எனப் பெயர் பெற்ற ஆங்கிலோ இந்தியச் சொற்களஞ்சியம் இருவேறு மூலங்களை எடுத்துரைக்கிறது. குஜராத்திலும் கொங்கணக் கரையிலும் வாழும் கோலி என்னும் சமூகத்தாரின் பெயரிலிருந்து இது பிறந்தது என்பது ஒன்று. தமிழின் கூலி என்னும் சொல்லே இதன் மூலம் என்பது மற்றொன்று. அடிமை என்னும் பொருளில் துருக்கி மொழியிலே வழங்கும் ஒலியொத்த சொல்லைக் காட்டுவாரும் உளர். சீனத்திலே இச்சொல்லை எழுதுதற்குப் பயன்படும் இரண்டு எழுத்துக்கள் ‘கசப்பு’, ‘வலிமை’ எனப் பொருள்படுவதால், கசப்பான உழைப்பு என்னும் சீனச் சொல்லே மூலம் என மயங்குவோரும் உண்டு. அது மூலமன்று. வந்து சேர்ந்த அயற்சொல்லுக்குச் சீனர் ஒலியும் பொருளும் பொருந்த எழுத்தமைத்துக் கொண்டனர். எனினும் அவ்வெழுத்துக்களைத் தெரிந்தெடுத்தவர்கள் இச்சொல்லின் உட்பொருளை எம்மைவிடத் தெளிவாகக் கண்டனர் என்றே சொல்லத் தோன்றுகிறது.

மேற்குக் கரையிலே வாணிகம் செய்த போர்த்துக்கேயரும் அவர்க்குப் பின் வந்த ஐரோப்பியரும் கோலி என்னும் இனப்பெயரையும் கூலி என்னும் ஊதியப் பெயரையும் ஒன்றாகவே கேட்டிருத்தல் கூடும். சுமை தூக்குவோன் எந்த ஊரினன், எந்த மொழியினன் என்று அறியவேண்டிய தேவை கப்பற் பண்டசாலைக்கு இல்லை. இரண்டு சொற்களும் ஒரு சொல்லாயின. இரண்டு பொருள்களும் ஒன்றிலே கலந்தன. ஒன்றில் இருந்து ‘இனம்’ என்னும் கருத்து வந்தது. மற்றொன்றில் இருந்து ‘ஊதியத்துக்கு உழைத்தல்’ என்னும் கருத்து வந்தது. இரண்டும் சேர்ந்தபோது, ஊதியத்துக்கு உழைத்தற்கென்றே பிறந்த இனம் என்னும் மூன்றாவது கருத்து உருவாயிற்று. குடியேற்ற நாட்டு ஆட்சிக்கு வேண்டியிருந்தது இந்த மூன்றாவது கருத்தே.

தமிழ் இலக்கண நூலார் ஆகுபெயர் என்று ஒன்றைக் கூறுவர். ‘ஊர் சிரித்தது’ என்னும்போது ஊர் என்னும் சொல் ஊரில் உள்ளாரைக் குறிக்கிறது. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய பிறிதொன்றுக்கு ஆகிவருதல் ஆகுபெயராகும். கூலி பெறுபவனைக் கூலி என்றல் இலக்கணத்தின்படி ஓர் ஆகுபெயரே. ஆயின் ஊர் சிரித்து முடிந்தபின் ஊர் என்னும் சொல் மீண்டும் தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஆங்கிலேயர் வாயிலே கூலி என்னும் சொல் திரும்பவில்லை. உழைப்பாளிக்குச் சேரவேண்டிய பொருளின் பெயர் உழைப்பாளியின் பெயராயிற்று. அதன்பின் அவனுக்குச் சேரவேண்டியது யாது என்பதைச் சொல்ல அச்சொல்லிலே இடமில்லாமற் போயிற்று. இச்சொல்லின் வரலாற்றிலே முதன்மையான நிகழ்ச்சி இதுவே என்பது எமது கருத்து. அது நடந்தேறிய இடங்களுள் ஒன்று எமது மலைநாடு.

1820களிலே கம்பளைப் பகுதியிலும் பேராதனையை அடுத்த கன்னொறுவையிலும் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. தேசாதிபதி எட்வேட் பான்ஸ் தாமே தோட்டமொன்றை வைத்திருந்தார். தமக்கென நிலம் உடைய கண்டிச் சிங்களக் குடியானவர் தோட்டத்திலே தொடர்ந்து வேலை செய்ய உடன்படவில்லை. எனவே தோட்டக்காரர் தென்னிந்தியாவை நாடினர். பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் நலிந்த மக்கள் தமிழகக் கடற்கரையிலிருந்து தோணி ஏறி மன்னார்க் கரையிலே இறங்கினர். அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தனர். கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் வழியிலேயே பலியானோர் பலர். அவர்களின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தோட்டக்காரரின் பார்வையிலே இறந்தவர்கள் கூலிகள். கூலிகளுக்குத் தொகை உண்டு, பெயர் இல்லை.

கோப்பிக்கு வேண்டிய உழைப்பு பெரும்பாலும் பருவகால உழைப்பு. காய் பறிக்கும் காலத்தில் வந்து, முடிந்ததும் ஊர் திரும்புவோர் அதிகம். 1869இலே தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1867இலே, ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் தளிர்ப்பது; ஆண்டு முழுவதும் கொய்யும் கைகள் அதற்கு வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் அடங்கிய குடும்பங்கள் மலையிலே நிலைகொண்டது இவ்வாறுதான். அதன்பின் கூலி என்பது ஒருவர் ஒரு பருவத்துக்குச் செய்யும் தொழிலாக இராமல், பிறக்கும் குழந்தைக்கும் பிறப்போடு ஒட்டும் பெயராயிற்று.

சட்டமும் அப்பெயரைப் பொறித்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் வேலை ஒப்பந்தத்தை மீறுதலைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் இந்தியக் கூலிகள் சட்டம் என்றே வழங்கிற்று. தோட்டத்துக்குத் தோட்டம் தொழிலாளரை மாற்றும் வேளையிலே அவர்தம் கடன்தொகையை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். துண்டில் எழுதிய கடனைப் புதிய தோட்டம் கொடுத்துத் தீர்த்தாலன்றி ஆள் நகர முடியாது. புதிய தோட்டம் தீர்த்த கடன் புதிய கடனாக மீண்டும் தொழிலாளியின் தலையிலேயே ஏறியது. இலங்கைக்கு வந்தோர் நேற்றாலுக்கோ கயானாவுக்கோ சென்றோரைப் போல ஐந்தாண்டு ஒப்பந்தத்திலே கையெழுத்திட்டு வந்தவரல்லர். சட்டப்படி அவர்கள் ‘சுதந்திரமான’ உழைப்பாளர். அவர்களைக் கட்டியது ஒப்பந்தமன்று, கடன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வந்தவர்கள் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைத் தம் உடலிலே அணிந்து கொண்டு வந்தனர். பெயரின் இடத்தை எண் பெற்றது.

இங்கே கங்காணியையும் மறத்தலாகாது. ஊரிலே ஆள் திரட்டியவனும், முன்பணம் கொடுத்தவனும், கடன் கணக்கு வைத்தவனும் தமிழனான கங்காணியே. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் அவனுக்குத் ‘தலைக்காசு’ கிடைத்தது. கங்காணி, துண்டு, கூலி ஆகிய மூன்று தமிழ்ச் சொற்களும் அவ்வாறே ஆங்கிலத்திலே புகுந்து தோட்ட நிர்வாகத்தின் கலைச்சொற்களாயின. ஒரு சுரண்டல் முறையின் உறுப்புகளுக்கெல்லாம் எம் மொழியிலேயே பெயர் இருந்தமை, அம்முறையிலே எம்மவர்க்கு இருந்த பங்கினைக் காட்டும்.

மதப் பணியும் மொழிப் பயிற்சியும் கூட இப்பெயரிலிருந்து தப்பவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தோட்டங்களிலே சமயப் பணி தொடங்கிய கிறித்தவச் சங்கத்தின் அமைப்பு ‘தமிழ்க் கூலி மிஷன்’ எனப்பட்டது. ஆன்மாவை மீட்க வந்தவர்களும் மக்களைக் கூலிகள் என்றே எழுதினர். புதிதாக வந்த சின்னத்துரைமார் தமிழ் பயிலுதற்கென ஏ. எம். ஃபேர்குசன் எழுதிய கையேட்டுக்கு ‘இங்கே வா’ என்பது தலைப்பு. டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் எழுதிய மற்றொரு நூலின் தலைப்பு ‘கூலித் தமிழ்’. எமது மலையகத்து மக்களின் பேச்சுத் தமிழுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. சங்கச் சான்றோர் பேசிய மொழியையே அம்மக்களும் பேசினர். அவர்களின் தாலாட்டும் ஒப்பாரியும் அம்மொழியிலேயே எழுந்தன. துரைக்கு அதிலே கேட்டது ஏவலும் பணிவும் மட்டுமே. ‘இங்கே வா’ என்று அழைக்கத் தெரிந்தவனுக்கு, வந்தவர் யார் என்று கேட்கத் தெரியவேண்டியதில்லை.

உறைவிடமும் இப்பெயரைத் தாங்கியது. வரிசையாகக் கட்டிய அறைகளைத் துரைமார் ‘கூலி லைன்’ என்றனர். ‘லைன்’ தமிழர் வாயிலே லயன் ஆயிற்று. பின் லயம் ஆயிற்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிலே தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன. ஆங்கிலம் எம்மிடமிருந்து கூலி என்னும் சொல்லை எடுத்துக் கொண்டு எமக்கு லயம் என்னும் சொல்லைத் தந்தது. இந்தச் சொற் பண்டமாற்றிலே தோட்ட வாழ்க்கை முழுவதும் அடங்கிவிடுகிறது.

மலைநாட்டுக்கு வெளியே இச்சொல் அடைந்த மாற்றங்களையும் ஒருவாறு தொட்டுக் காட்டுதல் வேண்டும். 1860 நவம்பர் 16ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து தொழிலாளரை ஏற்றிக்கொண்டு நேற்றாலின் டேர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களைக் குறித்த சொல், சில ஆண்டுகளிலே எல்லா இந்தியரையும் குறிப்பதாயிற்று. வணிகர் ‘கூலி வணிகர்’ ஆயினர். 1893இலே அங்கு சென்ற காந்தியடிகள் ‘கூலி பாரிஸ்டர்’ எனப்பட்டமையைத் தம் தன்வரலாற்றிலே எழுதியுள்ளார். முனுசாமி, இராமசாமி என்றாற்போன்ற பெயர்களின் ஈற்றிலே நிற்கும் ‘சாமி’ என்னும் தமிழ்ச் சொல்லும் அங்கு இந்தியரை இகழும் சொல்லாயிற்று. அச்சொல்லுக்குத் தலைவன் என்பது பொருள் என்று எடுத்துக் காட்டி, இகழ்ந்தவரை நாணச் செய்த இந்தியரைப் பற்றியும் அவர் குறிப்பிடுகிறார். தென்னாபிரிக்காவிலே ‘கூலி’ இன்றும் கடுமையான வசை.

அமெரிக்காவின் கலிபோர்னியாவிலோ அச்சொல் சீனரைக் குறித்தது. 1862இலே அங்கு நிறைவேறிய ‘கூலி எதிர்ப்புச் சட்டம்’ சீனத் தொழிலாளர் மீது வரி விதித்தது. கியூபாவிலும் பெருவிலும் ஸ்பானிய மொழியினுள் நுழைந்து கரும்பு வெட்டிய சீனரின் பெயராயிற்று. சுமாத்திராவின் புகையிலைத் தோட்டங்களுக்கென ஒல்லாந்தர் 1880இலே ‘கூலிச் சட்டம்’ இயற்றினர். திரினிடாட்டிலும் கயானாவிலும் ஜமேய்க்காவிலும் இந்திய வழித்தோன்றல்கள் அனைவர்க்கும் அது பெயர். கூம்பு வடிவத் தொப்பிக்கும், அவ்வடிவிலே செய்த விளக்கு மூடிக்கும் கூட ஆங்கிலத்திலே கூலியின் பெயரை இட்டனர். உழைத்தவன் மறைந்தான், அவன் தொப்பி மேனாட்டு வரவேற்பறையின் அலங்காரமாயிற்று. மொழி வேறு, நாடு வேறு, இனம் வேறு. ஆயின் சொல்லின் உட்பொருள் எங்கும் ஒன்றே: குறைந்த விலைக்குக் கிடைக்கும் உடல். அடிமை முறை பிரித்தானியப் பேரரசிலே 1830களில் ஒழிக்கப்பட்டபின் அடிமையின் இடத்தை நிரப்ப ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளுக்கு ஒரு பெயரும் தேவைப்பட்டது.

மலைநாட்டிலே இப்பெயரை உதறும் முயற்சி இருபதாம் நூற்றாண்டிலே தொடங்கிற்று. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் தோட்டங்களின் உள்ளே நுழையப் புடவை வியாபாரியாக வேடம் பூண்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. வெளியார் காலடி வைத்தால் அத்துமீறல் எனக் கருதப்பட்ட காலம் அது. 1931இலே அவர் ஹற்றனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளரின் துயரைப் பாட்டாக்கி மேடைதோறும் பாடினார். சம்மேளனத்தின் பெயரிலே உள்ள ‘தொழிலாளர்’ என்னும் சொல்லை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். கூலி என்பது பிறர் இட்ட பெயர். தொழிலாளி என்பது தாமே எடுத்துக் கொண்ட பெயர். முன்னது உடலைக் குறிக்கிறது. பின்னது உரிமை கோரும் ஒருவனைக் குறிக்கிறது.

சட்டத்தின் மொழியும் ஏறக்குறைய இக்காலத்திலேயே மாறியது. 1921இலே துண்டு முறை ஒழிந்தது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சச் சம்பளம் வேண்டும் என ஏற்றது. 1889இலே ‘கூலி’ என்றிருந்த இடத்திலே இப்பொழுது ‘தொழிலாளர்’ என்று இருந்தது. சம்பளத்தைச் சட்டம் நிர்ணயிக்கத் தொடங்கிய காலமும் ஆளைச் சம்பளத்தின் பெயரால் அழைப்பதை நிறுத்திய காலமும் ஒன்றாதல் தற்செயலன்று. எனினும் பெயர் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்பதும் மெய்யன்று. 1940 ஜனவரியிலே முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே நாட்சம்பளம் கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மலையிலே கொழுந்து கொய்து அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகள் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

1947இலே நடந்த பொதுத்தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பிலே ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949இலே வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபரிலே கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னர் முடிவு செய்யப்படும் என்றது. கூலி என்னும் பெயர் மங்கிவந்த வேளையிலே வேறு பெயர்கள் தலைதூக்கின. ‘கள்ளத்தோணி’ என்பது ஒன்று. ‘தோட்டக்காட்டான்’ என்பது மற்றொன்று. இரண்டும் தமிழ்ச் சொற்கள்; பின்னையது தமிழர் வாயிலே பெரிதும் வழங்கியது. துரை கப்பலேறிப் போய்விட்டார். அவர் விட்டுச் சென்ற ஏளனத்தை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் எம்மவரே எடுத்துக் கையாண்டனர். ஆங்கிலேயர் எம் சொல்லைக் கெடுத்தனர் எனக் குற்றஞ்சாட்டும் நாம் இதற்கு என்ன விடை சொல்லப் போகிறோம்?

இதற்கு விடை சொன்னவர்கள் மலையகத்து இளைஞர்களே. 1960களிலே ஹற்றனைக் களமாகக் கொண்டு இர. சிவலிங்கம் முதலிய ஆசிரியர்கள் ஓர் எழுச்சியைத் தோற்றுவித்தனர். மலையகம், மலையக மக்கள் என்னும் பெயர்கள் அவ்வெழுச்சியினாலே நிலைபெற்றன. இனத்தையோ சம்பளத்தையோ குறியாது வாழும் மண்ணைக் குறிக்கும் பெயர் அது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்ற நிலை பெரும்பாலும் முடிவுக்கு வந்தது. 2023இலே, முன்னோர் வந்த 200 ஆண்டுகளை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். பெயரற்று இறந்தவர்களின் வழியிலே பெயரோடு நடந்த நடை அது.

இந்நிலையிலே கூலி என்னும் சொல்லை நாம் என் செய்வது? அதனை மீட்டெடுத்து அணிந்து கொள்ளலாம் என்பது ஒரு கருத்து. மொரிசியஸ் நாட்டுக் கவிஞர் கால் தொராபுளி 1992இலே ‘கூலித்துவம்’ என்னும் கருத்தை முன்வைத்து, இழிசொல்லை ஒரு பண்பாட்டின் அடையாளமாக்க முயன்றார். கயானாவிற் பிறந்த காயுத்ரா பகதூர் தம் கொள்ளுப்பாட்டியின் வரலாற்றைத் தேடி 2013இலே வெளியிட்ட நூலுக்குக் ‘கூலிப் பெண்’ என்றே பெயரிட்டார். அதற்கு மாறாக, மொரிசியஸிலே தொழிலாளர் வந்திறங்கிய ‘கூலி காட்’ என்னும் துறை ‘ஆப்பிரவாசி காட்’ எனப் பெயர் மாற்றப்பட்டு, 2006இலே யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. இந்திய ரயில்வே 2016இலே சுமைதூக்குவோரைக் கூலி என்பதை விடுத்து ‘சகாயக்’ என அழைப்பதாக அறிவித்தது. தமிழகத்திலோ 2025இலே ரஜினிகாந்த் நடித்த திரைப்படம் ‘கூலி’ என்னும் பெயரோடு வந்து உலகத் தமிழரெல்லாம் அதனை ஆரவாரத்தோடு கண்டனர்.

இவற்றுள் எது சரி என்று பொதுவிலே தீர்ப்புக் கூறல் இயலாது. தொராபுளியின் வாசகர்கள் பெரும்பாலும் கரும்புத் தோட்டத்தை விட்டுக் கரையேறியவர்கள். காயம் ஆறியவன் தழும்பைக் காட்டிப் பெருமை கொள்ளலாம். மலையகத்திலே காயம் இன்னும் ஆறவில்லை. அங்கு இச்சொல்லை அணியென்று கொள்வது இன்னும் பொருந்தாது.

மலையகப் பாடசாலைகளிலே 619ஆம் குறளைக் கற்பிக்கும் போதெல்லாம் நாம் ஒன்றைக் கண்டு வந்துள்ளோம். கூலி என்னும் சொல் வந்ததும் வகுப்பிலே பிள்ளைகள் சிலர் தலை தாழ்த்துவர். சிலர் ஒருவரையொருவர் பார்த்து அடக்கமாய்ச் சிரிப்பர். வள்ளுவர் உயர்த்திப் பேசிய சொல் அவர்களுக்குத் தம் தாய் தந்தையர் மீது வீசப்பட்ட சொல்லாகக் கேட்கிறது. தோட்டத்து மக்கள் தாம் பெறுவதைக் கூலி என்று பெரும்பாலும் சொல்வதில்லை, ‘சம்பளம்’ என்பர். ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்பர். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’ விழும். பெயர் மறுக்கப்பட்ட மக்கள் நாட்சம்பளத்துக்கே பெயர் என்று பெயரிட்டுள்ளமையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கொழுந்து இரண்டு கிலோ குறைந்த நாளிலே அவளுடைய பேரிலே பாதி போய்விடுகிறது.

ஆகவே எமது கருத்து இதுதான். ஆளின் பெயராக வழங்கும் ‘கூலி’ ஒழியவேண்டும். எம்மொழியிலும் எமது வாயிலும் முதலில் ஒழியவேண்டும். பொருளின் பெயராக வழங்கும் ‘கூலி’ தன் பழைய மதிப்போடு மீளவேண்டும். ஆயின் அது அகராதியிலே நிகழக்கூடிய மீட்சியன்று. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா கேட்டு மலையகத் தொழிலாளர் பல ஆண்டுகள் போராடினர். சம்பளச் சபை அதனை 2021 மார்ச்சிலே நிர்ணயித்தபோது, விலைவாசி அத்தொகையைப் பின்தள்ளிச் சென்றுவிட்டது. 2024இலே அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. அதற்கு முன்னரே 2022இன் பொருளாதார வீழ்ச்சி அரிசியின் விலையையும் மாவின் விலையையும் பன்மடங்காக்கியிருந்தது. மெய் வருந்தும் வருத்தத்துக்கு ஈடான கூலி கிடைக்கும் என்று வள்ளுவர் உறுதி கூறினார். அவ்வுறுதி மலையிலே மெய்ப்படும் நாளிலே, அக்குறளை வாசிக்கும் பிள்ளை தலை நிமிர்ந்து வாசிக்கும். அந்நாள் வரை, ஒரு சொல்லின் பொருளுக்கான போராட்டமும் ஒரு நாட்சம்பளத்துக்கான போராட்டமும் வேறு வேறல்ல என்பதைத் தமிழ் கற்றோரும் கற்பிப்போரும் உணர்ந்து, அம்மக்களின் பக்கத்திலே நிற்றல் கடனாகும்.